முந்நூறாவது பதிவு

ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் பெரியவளுக்கு இருப்புக் கொள்ளாது. அவள் பார்க்கும் வேலை அப்படி. மோட்டார் உதிரி பாகங்கள் அடுக்கிய கிடங்கு ஒன்றில் பதினாறு வருடமாக ஸ்டோர் கீப்பர். அங்கே நாலாயிரம் சாமான், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தட்டு. நாற்பத்திரண்டாம் தட்டில் இருக்க வேண்டிய பேரிங் அறுபதாம் தட்டிலும் தலைகாட்டினால் யாரோ ஒருவர் அன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். கிடங்கில் அவளுக்கு 'ரிஜிஸ்டர்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் என்ன என்று கேட்பாள்.

வீட்டில் அவள் மூத்த மருமகள். ஹாலின் மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்கு அவளை யாரும் அதிகாரியாக நியமிக்கவில்லை. அவளே நியமித்துக்கொண்டாள், எதிர்த்துக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தாள். டெஸ்க்டாப்பில் எதையாவது போட்டுவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் அது உரிய இடத்துக்குப் போய்விடும். எது போனாலும் வந்தாலும் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் பதிவு. தேதி, என்ன, எத்தனை, எங்கிருந்து, எங்கே. கடைசிப் பத்தியில், அன்று மாலை கம்ப்யூட்டரில் மீதமிருக்கும் காலி இடம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நோட்டுப் போட்டு வரவு பற்று எழுதுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். கேட்டால், "குப்பைக்கூடைக்குக் கூட ஒரு ஒழுங்கு வேணும்" என்பாள்.

ஆனால் ஒரு விஷயம். அவள் ஃபைலை 'காப்பி' செய்ததே கிடையாது. கண்ட்ரோலோடு எக்ஸ், அப்புறம் கண்ட்ரோலோடு வி. அதாவது இங்கிருந்து எடு, அங்கே வை. கிடங்கில் ஒரு பேரிங்கைத் தட்டிலிருந்து எடுத்து லாரியில் ஏற்றிய பிறகு அது தட்டிலும் இருக்குமா? இருக்காது. கண்ட்ரோல் சி என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். நடத்தை சரியில்லாத சொந்தக்காரரைப் போல அதை ஒதுக்கியே வைத்திருந்தாள்.

இதில் அடிபட்டவள் அவளுடைய ஓரகத்தி. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்கிறவள், வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். ஒருமுறை தன் கல்யாணப் படங்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் போட்டு வைத்திருந்தாள். பெரியவள் கண்ணில் பட்டது. ஒன்றை அழித்தாள், நோட்டில் 'இரட்டை, 640, நீக்கப்பட்டது' என்று எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். மூன்று நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் அவர்களுடைய மாமனார் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் வீடு பழைய நிலைக்கு வந்தது.

அந்த அதட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். தொண்டைக்குள்ளேயே ஹாரனைப் பொருத்திக்கொண்டு பிறந்தவர் என்று சின்னவள் கேலி செய்வாள். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும், பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் கூட, உள்ளே இருந்து ஒரு குரல் வரும்: "ஸ்டெப்னி இருக்கா?" மாற்றுச் சக்கரம் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. குடை எடுத்தாயா, சில்லறை வைத்திருக்கிறாயா, போனில் சார்ஜ் இருக்கிறதா, எல்லாம் அந்த ஒரே கேள்விக்குள் அடக்கம்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்பெட்டியை எடுத்தால் ஆள் பிழைப்பார், எடுக்காவிட்டால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எடுத்துவிடலாம் என்று மாமாவே முடிவு செய்தார். கூட இருந்தவர்கள்தான் கண்ணைக் கசக்கினார்கள்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமாவுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சியாளர் அம்மா ஒரு வழி சொன்னார். இப்போதே அவர் குரலில் முந்நூறு வாக்கியங்களைப் பதிவு செய்துகொண்டால், பிறகு போனில் எதைத் தட்டினாலும் அது அவர் குரலிலேயே பேசும்படி செய்யலாம். முந்நூறும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஏற்பாடு வாங்கிக்கொள்ளாது. இருநூற்று அறுபது வாக்கியங்கள் அவர்களே கொடுப்பார்கள். மீதி நாற்பது, பேசுகிறவர் தன் இஷ்டத்துக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் தினம் சொல்கிற மாதிரியே.

துணி அலமாரி இருக்கிற உள் அறையில் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, பத்து நாள் பதிவு நடந்தது. பெரியவள் கம்ப்யூட்டரை அங்கேயே தூக்கிக்கொண்டு போனாள். மாமா வாசிப்பார், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கொடுத்த வாக்கியங்கள் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"'நீல நிறப் பறவை ஒன்று ஜன்னலில் வந்து அமர்ந்தது.' எந்த ஜன்னல்ல? அறுபத்தெட்டு வயசுல நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே."

"மாமா, அதுவும் சேந்து பதிவாயிடுச்சு. மறுபடி சொல்லுங்க."

"பறவை மறுபடி வந்து உக்காரணுமா? சரி, வரச் சொல்லு."

சொந்த வாக்கியங்கள் வந்ததும் ஆள் உற்சாகமாகிவிட்டார். 'உள் ரூம்ல ஒருத்தருமில்லை, ஃபேன் யாருக்குச் சுத்துது?' அது இருநூற்று எழுபத்தொன்று. 'சின்னவளே, அந்த போனைக் கீழே வச்சுட்டுச் சாப்பிடு.' 'பெரியவளே, எண்ணினது போதும், வா.' 'ஸ்டெப்னி இருக்கா?' ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சின்னவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பெரியவள் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு அழ நேரமில்லை.

முந்நூறாவது வாக்கியத்துக்கு மட்டும் இரண்டு மருமகள்களையும் வெளியே போகச் சொன்னார். பட்டனை அவரே அமுக்கிக்கொண்டார். கதவு சாத்தியே இருந்தது. வெளியே வந்தவர், "முடிஞ்சுது. யாரும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சின்னவளுக்கு உள்ளங்கை அரித்தது. பெரியவள் விடவில்லை. சீல் வைத்து வந்த பெட்டியைக் கிடங்கில் பிரிக்க மாட்டார்கள். எண்ணி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா வீடு திரும்பினார். கழுத்தில் ஒரு சின்ன துவாரம், கையில் ஒரு எழுதும் பலகை, ஒரு கறுப்பு மார்க்கர். வீடு சத்தமில்லாமல் போயிற்று. யார் கிளம்பினாலும் உள்ளே இருந்து ஒன்றும் வராது. மூன்று வாரத்தில் சின்னவள் இரண்டு குடையைத் தொலைத்தாள்.

மாமா பகலெல்லாம் கம்ப்யூட்டரில் சீட்டாடினார். ஒண்டியாக ஆடுகிற ஆட்டம். அவருக்கென்று 'சீட்டுக்கட்டு' என்று ஒரு ஃபோல்டர், அதில் நாலைந்து சீட்டாட்டங்கள். அந்த ஒன்றில் மட்டும் பெரியவள் கை வைப்பதில்லை. பாவம், அதாவது ஒன்று அவருக்கு இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

தையல் ஆறி, குரல் பதிவுகளைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மணிக்குப் பதிவுகளை வாங்கும் அந்தச் சுற்று மூடிவிடும், அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். பெரியவள் அரை நாள் லீவு போட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். 'மாமா குரல்' ஃபோல்டரைத் திறந்தாள். முந்நூறு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். கண்ட்ரோல் எக்ஸ். புதிதாக வாங்கிய பென் டிரைவுக்குப் போனாள். கண்ட்ரோல் வி. பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது, முடிந்தது, மறைந்தது. பென் டிரைவில் எண்ணிப் பார்த்தாள். முந்நூறு.

"ஆட்டோ வந்தாச்சு அக்கா! மாமா ஏறிட்டாரு!"

நோட்டில் வரி எழுதிக்கொண்டிருந்த பெரியவள் நிமிர்வதற்குள் சின்னவள் ஓடி வந்து பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அதில் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்ததை ஒருத்தியும் பார்க்கவில்லை.

பேச்சுப் பயிற்சி அறை சின்னது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவரில் தொண்டையின் உள்பக்கப் படம். பயிற்சியாளர் அம்மா பென் டிரைவைச் செருகினார். பெரியவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முந்நூறும் வரிசையா இருக்கு மேடம். எண் மாறாது."

முதல் பதிவு பேசியது. 'நீல நிறப் பறவை ஒன்று...' மூன்று வாரம் கழித்து அந்தக் குரல். சின்னவள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா கூரையைப் பார்த்தார். பயிற்சியாளர் நடுவில் ஒன்று, அப்புறம் ஒன்று என்று தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இருநூற்று அறுபத்திரண்டு பேசியது. இருநூற்று அறுபத்து மூன்று பேசவில்லை. அடுத்ததும் பேசவில்லை. கடைசி வரை போய்ப் பார்த்தார்.

"இந்த முப்பத்தெட்டுலயும் பேர் மட்டும்தான் இருக்கு. உள்ளே ஒண்ணுமில்லை. எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே வெளியே எடுத்துட்டீங்களோ?"

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. பயிற்சியாளர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "பரவாயில்லை, இது நடக்கிறதுதான். அசல் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? மறுபடி காப்பி பண்ணிட்டு வந்துடுங்க. அஞ்சு வரைக்கும் நான் இருக்கேன்."

பெரியவள் பென் டிரைவையே பார்த்தாள். பதினாறு வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அசல் வீட்டில் இருக்கிறதா? எப்படி இருக்கும்? எடுத்தாயிற்றே. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தாயிற்றே. கிடங்கில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், வெறும் அட்டைப்பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு எண்ணிக்கை சரி என்பார்கள். அப்படிப்பட்டவர்களை அவள் சும்மா விட்டதே இல்லை. இன்றைக்கு அவளே எண்ணினாள், ஒரு பெட்டியைக் கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

"கட் பண்ணிட்டேன்" என்றாள். தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. "காப்பி பண்ணலை. வீட்டுல ஒண்ணுமில்லை."

"அக்கா! எல்லாத்தையுமா?"

"நீ பிடுங்காம இருந்திருந்தா—"

"நான் பிடுங்கினேன், சரி. நீங்க ஏன்க்கா அங்க ஒண்ணு விட்டு வைக்கலை? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ரெண்டு இடத்துல இருந்தா என்ன குடியா முழுகிடும்?"

"கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில இருக்குமா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"கட் பண்ணினா அங்க போகாது மேடம்." இவ்வளவு தெரிந்தவள் இப்படிச் செய்தாளே என்று அந்த அம்மாவின் முகம் சொன்னது. பெரியவளுக்குக் காது இரண்டும் சூடாயின.

இருநூற்று அறுபத்து மூன்றிலிருந்து முந்நூறு வரை. அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம். ஃபேன், போன், ஸ்டெப்னி, எண்ணினது போதும் வா. வேறு எது போயிருந்தாலும் ஒரு மாதிரி சமாளித்திருக்கலாம். இரண்டைத் தவிர மாமாவின் சொந்தப் பேச்சு முழுக்க அந்த முப்பத்தெட்டில்தான் இருந்தது. அதை மறுபடி சொல்ல இந்த உலகத்தில் தொண்டை கிடையாது. தப்புக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை, ஆள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.

இந்தக் களேபரத்தில் மாமா பலகையில் என்னவோ எழுதித் தூக்கிக் காட்டினார். "கொஞ்சம் இருங்க மாமா" என்றாள் சின்னவள். அவர் மேஜையைத் தட்டினார். "ஒண்ணுமில்லை மாமா, பார்த்துக்கிறோம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒரு காலத்தில் ஒரே அதட்டலில் ரெண்டு பேரையும் உட்கார வைத்திருப்பார். இப்போது அவருக்கு இருப்பது ஓர் எட்டு அங்குலப் பலகை, அதைப் பார்க்க ஒருத்தருக்கும் கண்ணில்லை. அவர் கையை இறக்கவில்லை. பலகையைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பெரியவள் கைப்பையிலிருந்து நீல நோட்டை எடுத்தாள். கிடங்கில் ஒரு சாமான் காணாமல் போனால் அவள் கத்த மாட்டாள், அழ மாட்டாள், ரிஜிஸ்டரை எடுப்பாள். சாமானுக்குக் கால் முளைக்காது. எழுதாமல் நகர்ந்திருந்தாலும் எங்காவது இடம் குறைந்திருக்கும். பக்கத்தைத் திருப்பினாள். பதிவு நடந்த பத்து நாளும் வரிசையாக இருந்தன. ஆபரேஷனுக்கு முந்தின நாள். அதற்கு முந்தின மாலை காலி இடம் 11.4 ஜிபி. அன்று மாலை 11.2. அன்று வரவு எதுவும் இல்லை. பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே சிவப்பு மையில்: '0.2 எங்கே?'

அன்றைக்கு அவள் சின்னவளைத்தான் சந்தேகப்பட்டாள். சினிமாப் பாட்டு இறக்கினாயா என்று கேட்டு ஒரு சின்ன சண்டை கூட நடந்தது. மறுநாள் ஆபரேஷன், அதில் மறந்தே போயிற்று.

முந்நூறு பதிவும் சேர்ந்து எவ்வளவு இருக்கும்? முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். 0.2.

"சின்னவளே, ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர்ல யாரு இருந்தா?"

"நாம எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கிட்டு இருந்தோம். மாமா மட்டும் சீட்டு ஆடிட்டு..."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மாமாவின் கையில் பலகை இன்னும் அதே உயரத்தில் இருந்தது. கோணல் மாணலாக, பெரிய எழுத்தில்: 'ஸ்டெப்னி இருக்கு. சீட்டுக்கட்டுல.'

சின்னவள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். பெரியவளுக்கு அடங்கவில்லை. "உங்களுக்கு காப்பி பண்ணத் தெரியுமா மாமா?"

அவர் அழித்து எழுதினார். 'சி, அப்புறம் வி. பெரிய வித்தையா?'

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

இந்தத் தடவை அவர் யோசிக்கவே இல்லை. மளமளவென்று எழுதினார். 'சொன்னா அழிச்சிடுவே.'

பயிற்சியாளர் அம்மா திரும்பிக்கொண்டு சிரித்தார். பெரியவள் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன செய்வது? கண்டிப்பாக அழித்திருப்பாள். நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டிருப்பாள்.

"மணி மூணே முக்கால். நான் போயிட்டு வந்துடறேன். நீ மாமாகூட இரு" என்று பென் டிரைவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் கை காட்டின முதல் ஆட்டோவில் ஏறினாள். பேரம் பேசவில்லை. அவள் பேரம் பேசாமல் ஏறிய ஆட்டோ அது ஒன்றுதான்.

வீட்டில் யாருமில்லை. கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. 'சீட்டுக்கட்டு' ஃபோல்டரைத் திறந்தாள். ஆட்டங்களுக்குக் கீழே, 'ஸ்டெப்னி'. அதற்குள் ஒன்றிலிருந்து முந்நூறு வரை, வரிசை குலையாமல். பெரிய வித்தைதான். ஒரு லாரி டிரைவர், மறுநாள் குரல் போகப் போகிற சாயங்காலத்தில், தன் குரலுக்கு மாற்றுச் சக்கரம் ஏற்றி, மருமகள் கைபடாத ஒரே இடத்தில் மறைத்து வைத்திருக்கிறார்.

பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தவற்றை அழித்தாள். ஸ்டெப்னிக்குள் வந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். இடது சுண்டு விரல் கண்ட்ரோலுக்குப் போயிற்று. இன்னொரு விரல் பழக்கத்தில் எக்ஸின் மேல் போய் நின்றது. எத்தனையோ ஆயிரம் தடவை அமுக்கிய விரல். அந்த விரலை அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு அதைப் பக்கத்தில் இருந்த 'சி'க்கு நகர்த்தி, அழுத்தமாக ஓர் அமுக்கு அமுக்கினாள்.

பச்சைக் கோடு போயிற்று. காத்திருந்தாள். விளக்கு மினுக்குவது நின்றது. இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தாள். பென் டிரைவில் எண்ணினாள், முந்நூறு. இந்தத் தடவை எண்ணிக்கையோடு விடுவதாக இல்லை. இருநூற்று அறுபத்து மூன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். காலி வீட்டில் மாமா சத்தம் போட ஆரம்பித்தார். ஃபேன் யாருக்குச் சுத்துது. போனைக் கீழே வை. எண்ணினது போதும், வா. அவள் எண்ணிக்கொண்டே போனாள். கண் தெரியவில்லை, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மேலே போனாள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

முந்நூறாவதில் விரல் நின்றது. சீல் வைத்த பெட்டி. ஆனால் திறக்காமல் எப்படிக் கொண்டுபோவது? ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் கொண்டுபோனதுதான் இந்தக் கதி. "மன்னிச்சுக்கங்க மாமா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தட்டினாள்.

முதலில் ஒரு கனைப்பு. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிற காலடிச் சத்தம். பிறகு:

"பெரியவளே, இதைத் திறக்கிறது நீயாத்தான் இருக்கும். உன் புருஷனுக்குத் தைரியம் வராது. சின்னவ முதல் வார்த்தையிலயே அழ ஆரம்பிச்சு மீதியைக் கேக்க மாட்டா. நீதான் சரி பாக்குறேன்னு திறப்பே. கேட்டுக்க. நான் உன்னைத் திட்டினதெல்லாம் நெஜமாத் திட்டினதுதான். ஒண்ணையும் வாபஸ் வாங்கலை. ஆனா இந்த வீட்டுல எதைத் தேடினாலும் கிடைக்குதுன்னா அது உன்னாலதான். நேர்ல சொன்னா தலையில ஏறி உக்காந்துக்குவே, அதான் சொல்லலை. சரி, எவ்வளவு நேரம் இங்கயே உக்காந்திருப்பே? ஸ்டெப்னி இருக்கான்னு பாத்துட்டு வண்டியை எடு."

பெரியவள் அழுதாள். அன்றைக்கு எண் போட்டுக்கொண்டிருந்ததில் விட்டுப்போன அழுகை, ஆபரேஷன் அன்று விட்டுப்போனது, எல்லாம் சேர்த்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கேட்க ஆளில்லாத வீடு, வசதியாக இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்தாள். ஒரு நிமிடம் யோசித்து, மேஜை இழுப்பறையிலிருந்து பழைய பென் டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்து, அதிலும் ஒரு காப்பி போட்டாள். இரண்டையும் முறைப்படி மூடச் சொல்லி, இப்போது எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொன்ன பிறகே எடுத்தாள். ஒன்று கைப்பையில், ஒன்று இடுப்பில். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். காத்திருக்கச் சொன்னதே அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

நாலு முப்பத்தைந்துக்குப் பயிற்சி அறைக்குள் நுழைந்தாள். சின்னவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அம்மா பென் டிரைவை வாங்கிச் செருகி, கடைசி வரிசையில் நாலைந்தைத் தட்டினார். பேசியது. முந்நூறாவதுக்குப் போனபோது பெரியவள், "அது வேண்டாம் மேடம். நான் பார்த்துட்டேன். நல்லா இருக்கு" என்றாள்.

மாமா அவள் கண்ணைப் பார்த்தார். சிவந்திருந்தது. அவர் ஒன்றும் எழுதவில்லை, பலகையைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் ஏறியாச்சு. இனிமே பிரச்சினையில்லை" என்றார் பயிற்சியாளர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அசல்?" என்றார்.

"வீட்டுல இருக்கு" என்றாள் பெரியவள். பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. "இன்னொண்ணு இடுப்புல இருக்கு."

அன்று மாலை நீல நோட்டில் ஒரு வரி எழுதினாள். தேதி. மாமா குரல். 300. 'எங்கே' என்ற பத்தியில் முதல்முறையாக மூன்று இடங்களின் பெயர். பத்தி போதவில்லை, ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியிருந்தது. 0.2க்கு எதிரே இருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டு, 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வாரத்தில் குரல் வந்தது. மாமாவின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடே ஹாலில் கூடியிருந்தது. பெரியவளின் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான், அழுகை வந்தால் வெளியே பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்ள அது வசதி. முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு. எல்லாருக்கும் நன்றி என்பார் என்றான் சின்னவளின் புருஷன். அவன் மட்டும்தான் அப்படி நினைத்தான்.

மாமா ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். நிறுத்தினார். காதைத் தீட்டிக்கொண்டு எதையோ கேட்டார். மறுபடி தட்டினார். பிறகு போனை உயரத் தூக்கிப் பிடித்துப் பட்டனை அமுக்கினார்.

"உள் ரூம்ல ஒருத்தருமில்லை. ஃபேன் யாருக்குச் சுத்துது?"

அதே குரல். கொஞ்சம் தகரம் தட்டினது போல இருந்தது, ஆனால் அதே அதட்டல். பழக்கதோஷத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் உள் அறையைப் பார்த்து நகர்ந்தார்கள். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் ஆரம்பித்துவிட்டாள். பெரியவளின் புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெரியவள்தான் உள் அறைக்குப் போனாள். போர்வைகளை எப்போதோ எடுத்தாயிற்று, ஆணிகள் மட்டும் சுவரில் இருந்தன. காலி அறையில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, ஃபேனைச் சுற்ற விட்டுவிட்டு, இன்னொரு தடவை சத்தம் வரட்டும் என்று கதவோரம் நின்றுகொண்டாள்.